ஆன், ஆஃப் மட்டுமே தெரிந்த சிப் காலிலிருந்து பாட்டு வருவது எப்படி?

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையை மியூசிக் பிளேயராக்கி வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைத்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பாட்டு உரத்து ஒலிக்கும்போது நன்றாக இருக்கிறது. மெல்லிய இடங்களில் மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல். தங்க முலாம் பூசிய கேபிள் வாங்கினால் போகுமா?"

போகாது. தங்கம் பிளக் கறுக்காமல் காக்கும், அவ்வளவுதான். இரைச்சல் கேபிளுக்கு வருவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. விலை ஏற ஏற ஒலி சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்குப் பலர் வீணாகக் காசு கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இணைப்பு சரிதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ் அல்லது சிடி சாக்கெட்டில் செருக வேண்டும். ஃபோனோ வேண்டாம். அது இசைத்தட்டு முள் தரும் சில மில்லிவோல்ட்டுக்கானது. வந்ததைச் சுமார் 100 மடங்கு பெருக்கிவிடும்.

சரி, இரைச்சல் எங்கே பிறக்கிறது? ராஸ்பெர்ரி பையின் ஹெட்ஃபோன் ஜாக்கை இயக்கும் சிப் பின்னுக்கு (சிப்பின் உலோகக் கால்) இரண்டே நிலைதான்: ஆஃப், ஆன். ஆன் என்றால் 3.3 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 1.1 வோல்ட் வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆன், மீதி நேரம் ஆஃப். மின்விசிறி சுவிட்சை விடாமல் வேகமாகத் தட்டினால் விசிறி விட்டுவிட்டு ஓடாது. ஒரே சீராக, கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். இறக்கையின் கனம் தட்டலை விழுங்கிவிடுகிறது. இங்கே அந்த வேலை மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டருக்கும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டருக்கும். கெப்பாசிட்டர் நிரம்புவதற்குள் ஆஃப், வடிவதற்குள் ஆன், மிஞ்சுவது சராசரி. அந்தச் சராசரிதான் ஏறி இறங்கிப் பாட்டாகிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத வித்தை இது.

ஆனால் கணக்கு இடிக்கிறது. சிடி தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது அந்தந்தக் கணத்தில் ஒலி அலையை அளந்த எண்கள். ஒவ்வொன்றும் 65,536 படிகளில் ஏதோ ஒன்று. ஆன் நேரத்தை அவ்வளவு நுணுக்கமாக வெட்ட, நொடிக்குச் சுமார் 289 கோடி முறை துடிக்கும் கடிகாரம் வேண்டும். 10 கோடிதான் துடிக்கிறது என்றால் கிடைப்பவை ஏறக்குறைய 2,267 படிகள். உரத்த பாட்டு அத்தனை படிகளிலும் ஏறி இறங்கும். மெல்லிய புல்லாங்குழலுக்கோ சில படிகளே; பிசிறு காதில் விழுகிறது. பிராசஸரின் மின்சப்ளையில் உள்ள சலசலப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

டிஏசி (எண்களை மின் அலையாக மாற்றும் கருவி) பலகை ஒன்றைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும். பை வெறும் எண்களை மட்டும் அனுப்பும். அவற்றை வோல்ட்டேஜாக மாற்றுவது இதற்கென்றே செய்த சிப். அதுவரை பையின் வால்யூமை உச்சத்துக்கு அருகில் வைத்து, ஆம்ப்ளிஃபயர் குமிழில் குறைத்துக்கொள்ளுங்கள். பையில் பாதியாகக் குறைத்தால் இருக்கும் படிகளிலும் பாதி போய்விடும்.