வயிறு வேறு, நெஞ்சு வேறு என்று நினைத்துவிடாதீர்கள்

நுரையீரல் புற்றுநோய் குடலுக்குப் பரவி எங்களிடம் வந்தவர்களில் இந்த ஆண்டில் இவர் மூன்றாவது. மூன்று குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "அது நெஞ்சில் இருக்கிற நோய் டாக்டர், இது வெறும் வயிற்றுவலிதானே என்று இருந்துவிட்டோம்."

இரவு பதினொன்றரை மணி. அறுபது வயதைத் தாண்டியவர். நான்கு நாளாக வாந்தி, வயிறு உப்பல், மலம் போகவில்லை. அவசரப் பிரிவில் சர்க்கரை நோய் இருப்பதை மட்டும் சொல்லியிருந்தார்கள். வயிற்றுக்குள் காற்று கசிந்திருக்கிறதா என்று பார்க்க உட்காரவைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோல் காற்று தெரிந்தது. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதே படத்தில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு கட்டியும் இருந்தது. இது என்ன என்று கேட்டதும் மகன் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "நுரையீரல் கேன்சர் டாக்டர். ஏழு மாதமாகக் கீமோ போகிறது. அப்பாவுக்குத் தெரியாது. சளிக்கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்." ஃபைல் வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. நகைக்கடைப் பை ஒன்றில் அது வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

வயிற்றைத் திறந்தோம். சிறுகுடலின் மேல்பாதியில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, அதன் நடுவே சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இப்படிப்பட்ட கட்டி பல நேரம் ஒன்றோடு நிற்பதில்லை. ஆகவே குடல் முழுவதையும் கையில் உருவிப் பார்த்தோம். இரண்டு அடி தள்ளி இன்னொரு சின்னக் கட்டி. இரண்டையும் வெட்டி எடுத்துக் குடலை இணைத்தோம். பத்து நாள் கழித்து வந்த திசுப் பரிசோதனை அறிக்கை, நான் நினைத்ததையே சொன்னது: நுரையீரலிலிருந்து வந்தது.

அறிக்கையைப் படித்த மகனின் முதல் கேள்வி, "அப்படியானால் அப்பாவுக்கு இரண்டு கேன்சரா? குடல் கேன்சருக்குத் தனியாக மருந்து எழுதிக் கொடுங்கள்." இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன்.

ஆடு சீமைக் கருவேல நெற்றைத் தின்றுவிட்டு அடுத்த ஊர் வயலில் புழுக்கை போடுகிறது. நெல்வயலில் விழுந்தது என்பதற்காக அந்த விதையிலிருந்து நெல்லா முளைக்கும்? கருவேலம்தான் முளைக்கும். நுரையீரலில் பிறந்த புற்றணு இரத்தத்திலோ நிணநீரிலோ போய்க் குடலில் தங்கி வளர்ந்தாலும் அது நுரையீரல் புற்றுநோய்தான். நுண்ணோக்கியில் அது நுரையீரல் அணுவின் அடையாளங்களைத்தான் காட்டும். டி.டி.எஃப்-1 என்ற சாயச் சோதனையைப் பெரும்பாலும் இதற்காகத்தான் கேட்கிறோம். குடலிலேயே பிறந்த புற்றுநோய்க்கு சி.டி.எக்ஸ்-2 போன்ற வேறு அடையாளங்கள் உண்டு. நுரையீரல் புற்றுநோய்க்கான மருந்துதான் இதற்கும் மருந்து. குடல் கேன்சருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

சளியை விழுங்கியதால்தான் குடலுக்கு வந்தது என்று இன்னொரு நம்பிக்கை. காசநோயில் கிருமியுள்ள சளியை விழுங்கிக் குடலுக்கும் நோய் வருவது உண்மை. அந்தப் பேச்சைப் புற்றுநோய்க்கும் சேர்த்துவிட்டார்கள். சளியைத் துப்பாமல் விழுங்கியதற்காக ஒரு மனைவி தன் கணவரை என் முன்னாலேயே திட்டினார். அந்த மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

காசநோய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நுரையீரலில் நிழல், சிறுகுடலில் புண் என்று இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மருத்துவர்களான எங்களுக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வருகிறது. நியாயம்தான். ஆனால் சளியிலும் திசுவிலும் கிருமியைத் தேடாமல் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது நியாயமில்லை.

நுரையீரல் புற்றுநோய் வழக்கமாகப் பரவும் இடங்கள் மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி. குடலில் தொந்தரவு கொடுத்துக் கண்டுபிடிக்கப்படுவது நூறில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான். பிரேதப் பரிசோதனை செய்து பார்த்த ஆய்வுகளில் இது நூறில் பத்துப் பேர் அளவுக்கும்கூட இருந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது நாம் பார்க்காமல் விடுவதும் உண்டு என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். சிறுகுடல் சிக்கலான இடம். வாய்வழி எண்டோஸ்கோப்பி அதன் தொடக்கத்தோடு நின்றுவிடும். கொலோனோஸ்கோப்பி அதன் கடைசி முனையைத்தான் தொடும். இரண்டும் நார்மல் என்ற அறிக்கையைக் காட்டி நிம்மதியாக இருப்பவர்களுக்கு, நடுவே சுமார் ஆறு மீட்டர் குடல் பார்க்கப்படவே இல்லை என்பது தெரிவதில்லை. புற்றுக்கட்டியை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனிலும் குடல் இயல்பாகவே ஒளிரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக ஒளிரும். அந்த வெளிச்சத்தில் கட்டி மறைந்துவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் சாய மருந்து செலுத்தி வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இவர் விஷயத்தில் மூன்று வாரமாக வலி இருந்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு சுருட்டிப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். முதலில் ஓமத் தண்ணீர், பிறகு மருந்துக் கடையில் வாயு மாத்திரை, பிறகு சோடா. மலம் அடைபட்டதும் விளக்கெண்ணெய். அடைபட்ட குடலுக்குப் பேதி மருந்து கொடுக்காதீர்கள், எனிமாவும் வேண்டாம். வழியே இல்லாத இடத்தில் தள்ளினால் குடல் எங்கே போகும்?

புற்றுநோய்க்காரர் வீட்டில் இருக்கும் மாத்திரைகளே நம்மை ஏமாற்றும். மார்ஃபினால் மலச்சிக்கல் வரும் என்பதால் குடல் அடைப்பையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுக்கும் என்பதால் தார் போன்ற இரத்த மலத்தையும் பொருட்படுத்துவதில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் ஸ்டீராய்டுதான். குடல் ஓட்டையானால் வயிறு பலகைபோல் இறுகும்; டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கு அப்படி இறுகாமலே போகலாம். இவர் வயிறும் அன்றிரவு மெத்தென்றுதான் இருந்தது. என்னோடு இருந்த பயிற்சி மருத்துவர் நாளை பார்க்கலாமே என்றார். ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்பது ஃபைல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவருக்கு விட்டுவிட்டு வயிற்றைச் சுருட்டிப் பிடித்தாலோ, இரத்த அளவு காரணமில்லாமல் இறங்கினாலோ, மலம் கறுத்தாலோ அந்த வாரமே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த கீமோ தேதி வரை வைத்திருக்காதீர்கள். வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் பிரியவில்லை என்றால் எதையும் சாப்பிடக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். ஃபைல் கூடவே வர வேண்டும். வாசலில் நிற்கும்போதே "நுரையீரல் புற்றுநோய், இன்னின்ன மாத்திரை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த பிறகு வருபவர்களில் பலருக்குக் கிடைப்பது சில வாரங்கள், சில மாதங்கள்தான். அதற்கு முன்பே தெரிந்தால் திட்டமிட்டு, பகலில், உடம்பு தாங்கும் நிலையில் அறுவை செய்யலாம், மருந்தையும் தொடரலாம்.

நோயை அவரிடமே மறைப்பதைப் பற்றி. அன்பினால்தான் செய்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வலி அவர் வயிற்றில்தானே வருகிறது? எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? மகனிடம் இதை இரண்டு நாள் பேசினேன். பிறகு அவரே தந்தையின் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். பெரியவர் அழவில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கி, அறிக்கையில் தன் பெயரும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். "முடி கொட்டியபோதே நினைத்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வலி எந்தக் கிழமை ஆரம்பித்தது, எதைச் சாப்பிட்டால் கூடியது என்று வரிசையாகச் சொன்னார். மூன்று வாரமாக அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

தையல் பிரித்தாகிவிட்டது. குழைந்த சோறு சாப்பிடுகிறார். அடுத்து என்ன மருந்து என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் போய் அவரே கேட்டுவிட்டு வந்தார்.