சத்தம் எப்போது வருகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தாப்பாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதையில் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க ஓடும் பாதை அது. மழையில் சக்கரத் தடங்கள் பள்ளமாகும், வெயிலில் அப்படியே காய்ந்து இறுகிவிடும். தினமும் அதைத் தாண்டும் காடிக்குச் சத்தம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். (எங்கள் பக்கம் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.)

சத்தம் வந்ததும் நாம் எல்லோரும் முதலில் செய்வது, அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. ஊரில் எனக்குப் பழக்கமான ஃபோர்மேன் (மெக்கானிக்) ஒருவர் இருக்கிறார். "அண்ணே, முன்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குன்னு கேக்குது" என்று போய் நின்றால், "பக்கம் இருக்கட்டும் தம்பி. எப்ப கேக்குது? வளைக்கிறப்பவா, பிரேக் போடறப்பவா, பள்ளத்துல இறங்கறப்பவா?" என்று கேட்பார். அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். இயற்பியல் முழுக்க அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஒலியின் திசையைக் காது கண்டுபிடிப்பது ஒரு நேரக் கணக்கு. வலப்பக்கத்து ஒலி வலக்காதை முதலில் தொடும், அப்புறம்தான் இடக்காதுக்குப் போகும். அந்த இடைவெளி அதிகம் போனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் 0.7 பங்கு. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே மூளை திசையைச் சொல்லிவிடுகிறது. வெட்டவெளியில் இது அருமையாக வேலை செய்யும். காடிக்குள் குழம்பிப்போகும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. முன் சக்கரத்தில் எழுந்த தட்டல் காற்று வழியாக வந்து சேர்வதற்குள் தரைத்தகடு, கதவு, டேஷ்போர்டு எல்லாவற்றையும் அதிரவைத்துவிடும். எது அதிகமாக அதிர்கிறதோ அதுவே சத்தத்தின் பிறப்பிடம் போலத் தோன்றும். பின்னால் தளர்ந்த, குலுக்கலைத் தாங்கும் அப்சோர்பரை முன்னால் தேடுவது இப்படித்தான் நடக்கிறது.

தாளம் அப்படி ஏமாற்றாது. காடியில் சுற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் உண்டு. தட்டல் எந்தச் சுற்றோடு ஒத்துப்போகிறது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சின்னக் காடிகளில் பரவலாக இருக்கும் 175/65 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.83 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு மூன்று முறை சுற்றும், 60 கிலோமீட்டரில் ஒன்பது முறை. ஆக 20 கிலோமீட்டரில் நிதானமாக ஓட்டிக்கொண்டே எண்ணுங்கள். நொடிக்கு மூன்று தட்டல் என்றால் சக்கரம், அல்லது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. எஞ்சின் தட்டலை இப்படி எண்ண முடியாது. நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சினே நொடிக்கு 13 முறைக்கு மேல் சுற்றுகிறது. நொடிக்கு இருபது தட்டலைத் தாண்டினால் காது அவற்றைத் தனித்தனியாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒரே இரைச்சலாக, சுரமாகக் கேட்கத் தொடங்கும்.

நொடிக்கு மூன்று தட்டலுக்குச் சாதாரணக் காரணம், டயர் பள்ளத்தில் சிக்கிய ஒரு சரளைக்கல். தாரில் 'டிக் டிக்' என்று கூர்மையாகக் கேட்கும், செம்மண்ணில் இறங்கியதும் காணாமல் போகும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் தீர்ந்தது. ஆனால் நெம்புமுன் நன்றாகப் பாருங்கள். ஆணியாக இருந்தால் பிடுங்காமல் அப்படியே டயர் கடைக்கு ஓட்டிப் போவது மேல்.

அடுத்த சோதனை, எஞ்சினையும் சக்கரத்தையும் பிரிப்பது. மேனுவல் காடி என்றால் நேரான, ஆளில்லாத, சமதளச் சாலையில் கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் வேகம் சட்டென்று விழும், காடியின் வேகம் அப்படியே இருக்கும். சத்தமும் கூடவே விழுந்தால் எஞ்சின் பக்கம், விழாமல் தொடர்ந்தால் சக்கரத்தின் பக்கம். ஆட்டோ காடிக்கு இதையே வேறு விதமாகச் செய்யலாம். நிறுத்திவிட்டு, பார்க்கில் போட்டு, எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) மெதுவாக மிதித்துப் பாருங்கள். நின்ற காடியிலும் அதே சத்தம் வந்தால் சக்கரத்துக்கு அதில் பங்கில்லை. மலை இறக்கத்தில் மட்டும் கிளட்சை மிதித்தோ நியூட்ரலில் போட்டோ சோதிக்கவே கூடாது. எஞ்சினின் இழுப்பு போய்விட்டால் முழுச் சுமையும் பிரேக்குக்கு வந்துவிடும்.

சக்கரத்தின் பக்கம் என்று முடிவானதும் வருவது 'ஊம்ம்ம்' என்ற இரைச்சல் வழக்கு. டயரா, சக்கரத்தைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங்கா? இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். டயரில் ஒரு சுற்றுக்கு அறுபது எழுபது ரப்பர் கட்டைகள் சாலையை அறைகின்றன. 60 கிலோமீட்டரில் அது நொடிக்கு அறுநூறு அறை ஆகிவிடும். எல்லாக் கட்டையும் ஒரே அளவாக இருந்தால் விசில் போலச் சுரம் எழும் என்பதால், டயர் செய்பவர்கள் வேண்டுமென்றே அளவை மாற்றி மாற்றி வைத்து அந்தச் சுரத்தைக் கலைத்துவிடுகிறார்கள். டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும்போது அந்த உழைப்பு வீணாகி இரைச்சல் திரும்பி வருகிறது. பேரிங்கில் நடப்பது வேறு. உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் ஒரு சின்னக் குழி விழுந்தாலும் ஒவ்வொரு குண்டும் அதில் விழுந்து எழுந்து போகும்.

இரண்டையும் பிரித்துக் காட்ட எங்கள் ஊருக்கு வாய்த்த சாலையைப் போல வேறொன்று கிடைக்காது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் லாத்தா இஸ்கண்டார் அருவி வரைக்கும் போனாலே போதும், வளைவுக்குக் குறைவில்லை. இடப்பக்கம் வளையும்போது காடியின் எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சாய்கிறது. அப்போது இரைச்சல் கூடினால் சந்தேகம் வலப்பக்கப் பேரிங்கின் மேல். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்கத்தின் மேல். வளைவில் பெரிதாக மாறாமல், தார் புதிதாக வரும் இடத்தில் சட்டென்று குறைந்தால் அது டயர். இதற்கு வேகமாக வளைக்கத் தேவையே இல்லை, 40 கிலோமீட்டரிலேயே வித்தியாசம் தெரியும்.

வளைக்கும்போது வரும் இன்னொரு சத்தம் 'கடக் கடக்'. இது இரைச்சலாக இருக்காது, எண்ணக்கூடிய தட்டலாக இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி எண்ணெய் மிதிக்கும்போதுதான் வரும். முன்சக்கரத்தால் இழுக்கும் காடிகளில் சக்கரம் திரும்பவும் வேண்டும், திரும்பிய நிலையிலேயே எஞ்சினின் விசையை வாங்கிச் சீராகச் சுற்றவும் வேண்டும். அதற்காக, சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் நுனியில் ஓர் இணைப்பு இருக்கிறது. பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள், அவை ஓடுவதற்கு வளைந்த தடங்கள். 1920களில் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் வடிவமைத்த அமைப்பு இன்றும் ஏறக்குறைய அதே உருவில் ஓடுகிறது. நேராகப் போகும்போது குண்டுகள் தடத்தின் நடுவில் கொஞ்சமாக அசையும். முழுக்கத் திருப்பினால் தடத்தின் கோடி வரை ஓடி ஓடித் திரும்பும். தடம் தேய்ந்திருந்தால் குண்டு அங்கே குதிக்கும், அந்தக் குதிப்புதான் 'கடக்'.

இவ்வளவு அழகான இணைப்பு தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிவதுதான். தோட்டத்துப் பாதையில் கிடக்கும் மட்டைத் துண்டு குத்தினாலே போதும். சுற்றும் வேகத்தில் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே தெறித்துவிடும், செம்மண் உள்ளே போய்விடும். எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில் மண் உப்புத்தாள் போல அரைக்கும். உறை மட்டும் கிழிந்த நிலையில் கண்டுபிடித்தால் உறையையும் கிரீஸையும் மாற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 'கடக்' கேட்ட பிறகு இணைப்பையே மாற்ற வேண்டியதுதான். மாதத்துக்கு ஒருமுறை குனிந்து, சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எண்ணவே முடியாத சத்தங்களுக்கு வருவோம். கிறீச்சிடும் ஃபேன் பெல்ட், கீச்சிடும் பிரேக். இரண்டின் தாயும் ஒன்றே, நமக்கு நன்றாகத் தெரிந்தவள்தான். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் உறுமி மேளம் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத் தோலில் அடிக்க மாட்டார்கள், வளைந்த குச்சியைத் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பிடித்துக்கொள்ளும், தோல் அதோடு கொஞ்சம் இழுபடும், பிடி தாங்காத இடத்தில் நழுவித் திரும்பும், மறுபடி குச்சி பிடிக்கும். நொடிக்குப் பலமுறை நடக்கும் இந்தப் பிடிப்பும் வழுக்கலும்தான் நெஞ்சைக் கலக்கும் அந்த உறுமல். நின்ற பொருளை நகர்த்த வேண்டிய விசை, நகரும் பொருளை நகர்த்திக்கொண்டே இருக்கும் விசையைவிட அதிகம். இந்த ஒரு வித்தியாசம் போதும், உரசல் ஒலியாகிவிடும்.

பெல்ட் தளர்ந்தாலும், பளபளவென்று தேய்ந்தாலும் கப்பியின் மேல் இதையேதான் செய்கிறது. மழைக்கால விடியலில் எஞ்சினை முடுக்கியதும் கிறீச்சென்று கத்தி, ஒரு நிமிடத்தில் அடங்கினால் ஈரம். ஏர்கோண்டைத் திறந்ததும் கத்தினால், கம்ப்ரஸரின் சுமையைப் பெல்ட்டால் இழுக்க முடியவில்லை. ஓடும் பெல்ட்டின் பக்கம் கையையோ சட்டை நுனியையோ கொண்டுபோகாதீர்கள், காதால் கேட்டதே போதும்.

பிரேக்கும் அப்படியே. இரவு மழையில் இரும்பு டிஸ்கில் மெல்லிய துரு படியும். காலையில் முதல் சில மிதிகளில் கத்திவிட்டு ஓய்ந்தால் அது துடைக்கப்பட்டுவிட்டது. நாள் முழுக்கக் கீச்சென்று கேட்டால், பல பிரேக் பேட்களில் அதற்கென்றே ஒரு தகட்டு நாக்கு உண்டு. பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்கைத் தொட்டுக் கத்தும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் கீச்சொலி நின்று 'கரகர' என்று அரைக்கும் சத்தம் வரும். அப்போது பேட்டில் பொருளே இல்லை, இரும்பு இரும்பைத் தின்கிறது. அந்தக் காடியில் மலைச் சாலையில் இறங்கவே கூடாது.

மலை ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கடலையைக் குலுக்கியது போலக் கேட்டால், அது எஞ்சினுக்குள். தீப்பொறி மூட்டிய தீ பரவி வந்து சேருமுன், மூலையில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடிக்கிறது. அந்த அலை சிலிண்டருக்குள் நொடிக்கு ஆறேழு ஆயிரம் அதிர்வாக ஒலிக்கும். கியரைக் குறைத்தால் உடனே அடங்கும். இப்போதைய காடிகள் சென்சர் வைத்துத் தாங்களே சரிசெய்துகொள்கின்றன. பழைய கார்புரேட்டர் காடிக்கு உங்கள் காதுதான் சென்சர்.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'டொக்' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், பால் ஜாயிண்ட், அப்சோர்பர், புஷ் என்று சக்கரத்தைக் காடியோடு இணைக்கும் பாகங்களின் கூட்டமே சந்தேகத்தில் இருக்கும். அதில் புஷ்ஷைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்பு இரும்பை நேரடியாகத் தொடாதபடி நடுவில் இருக்கும் ரப்பர் உருளை அது. செயற்கை ரப்பர் எத்தனையோ வந்த பிறகும், எஞ்சின் மவுண்டிலும் புஷ்ஷிலும் இயற்கை ரப்பருக்கு இன்றும் தனி இடம் இருக்கிறது. லட்சக்கணக்கான முறை நசுங்கி விரிந்தாலும் அது எளிதில் சூடேறாது, எளிதில் கிழியாது. 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டார்கள். அதன் பிறகு வந்த தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிகள். உலகத்துக் காடிகளின் ஓசையை அடக்கியதில் அவர்கள் கைக்குப் பங்கு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன். அந்த ரப்பரும் சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் வருடக்கணக்கில் கிடந்து வெடிக்கும். அப்போதுதான் டொக்.

கடைசியாக, எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு முந்திய வாரம், ஒரு கடையில் நான்கு டயரும் மாற்றிக்கொண்டு பீடோர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் பிள்ளைகள். மெதுவாகப் போகும் இடத்தில் ஒரு தட்டல், நொடிக்கு மூன்று. கல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கல்லின் 'டிக்' காதோடு நின்றுவிடும். இது கனமாக, உட்காரும் இடத்தில் உணரும்படி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங்கும் லேசாக ஆடியது. ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தால், முன் சக்கரத்தில் நான்கு நட்டில் ஒன்றைக் காணோம், இன்னும் இரண்டு நட்டுகள் விரலாலேயே திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தன.

நட்டின் வேலை சக்கரத்தைத் தொங்கவிடுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ரிம்மை, சக்கரம் மாட்டும் ஹப்போடு இறுக்கி அழுத்துகிறது, அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. அழுத்தம் போய்விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ரிம் வழுக்கி நட்டுப் போல்ட்டை அறையும். சரியாக முடுக்கிய நட்டுக்கூடத் தளரலாம். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் ஒட்டியிருந்த துருவும் அழுக்கும் ஓட்டத்தில் நசுங்கி மெலிந்துவிடும், மயிரிழை அளவு இடம் கிடைத்தாலே இறுக்கம் குறைந்துவிடும். சின்னக் காடிக்கு நட்டின் இறுக்கம் சுமார் 100 நியூட்டன் மீட்டர். சரியான எண் உங்கள் காடியின் கையேட்டில் இருக்கும். எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

டயர் மாற்றியதும் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இப்போது மறுபடி முடுக்கிப் பார்க்கிறேன், தோட்டத்து வாசலில், செம்மண்ணில் இறங்குமுன். இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகளை ஏறச் சொல்வேன்.