ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பதினொன்று

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தொட்டி நிரம்பியதும் கம்ப்யூட்டரே போனுக்கு மெசேஜ் அனுப்பிவிடுமாமே? எங்கள் பக்கம் நெட் வராது. பேசுவதற்கே மேட்டில் ஏற வேண்டும். அப்புறம் மெசேஜ் மட்டும் எப்படிப் போகும்?"

போகும். எஸ்எம்எஸ் என்ற குறுஞ்செய்தி இணையத்தில் போவதில்லை. போனும் டவரும் "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கட்டுப்பாட்டுத் தடத்திலேயே போகிறது. அளவும் சிறியது. அந்தப் பக்கப் போன் அணைந்திருந்தால் சேவை மையம் செய்தியை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். மலைக்கு இதைவிடத் தோதானது இல்லை.

என் மாமாவின் தோட்டத்திலும் இப்படி ஒன்றை அமைத்திருக்கிறேன். தொட்டியில் மிதவை சுவிட்ச், கீழே பழைய லேப்டாப், அதோடு சீரியல் கேபிளில் இணைத்த சிம் மோடம், அதாவது சிம் கார்டு போட்டுச் செய்தி அனுப்பும் சிறு கருவி. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருபது வரி நிரல், அவ்வளவுதான். மோடத்திடம் பேசும் மொழி 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஏடி கட்டளைகள். 'ஏடி' என்றால் 'கவனி' என்று பொருள். 'ஏடி' என்று அனுப்பினால் 'ஓகே' வரும். 'ஏடி+சிஎம்ஜிஎஸ்' என்று எழுதிப் போன் எண்ணைக் கொடுத்தால் மோடம் '>' என்ற குறியைக் காட்டிக் காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் செய்தியை அனுப்ப வேண்டும். பலர் இங்கே "இரண்டு நொடி பொறு" என்று நிரலில் எழுதிவிடுகிறார்கள். சிக்னல் மோசமான நாளில் அது காலை வாரிவிடும். குறி வந்ததா என்று படித்துப் பார்த்தே அனுப்புங்கள். கடைசியில் 26 என்ற எண்ணுள்ள பைட் (பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் கொள்ளும் சிறு அலகு), அதாவது விசைப்பலகையில் கன்ட்ரோல் இசட். அது போகாவிட்டால், நீங்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்றே மோடம் காத்துக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2ஜி மோடம் அலையை வீசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய ஒயரில் கொடுத்து, அது அணைந்து அணைந்து எழுந்ததில் எனக்கு ஒரு வாரம் போனது.

முதலில் ஆங்கிலத்தில்தான் செய்தி வைத்தேன். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "தம்பி, இங்கிலீஷ்ல வந்தா பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துதான் படிச்சுச் சொல்லணும். அதுக்குள்ள தொட்டி வழிஞ்சிடும்" என்றார். தமிழுக்கு மாற்றினேன். நான் ரசித்துச் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஒரு குறுஞ்செய்தி என்பது 140 பைட் கொண்ட பெட்டி. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதாவது எட்டு 0 அல்லது 1. ஆக 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், ஆகவே 160 எழுத்து. பைட்டோ 8 பிட். முதல் எழுத்து உட்கார்ந்ததும் ஒரு பிட் இடம் மிஞ்சும். அதை வீணாக்காமல் அடுத்த எழுத்தின் ஒரு பிட் அங்கே ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது எழுத்தின் இரண்டு பிட் அதற்கடுத்த இடத்தில். ஏற்காடு பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்று சொல்லி நெருக்கியடிப்பதுபோல, ஏழு இருக்கையில் எட்டுப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தமிழ் இந்தப் பஸ்ஸில் ஏற முடியாது. தமிழைக் கண்டதும் செய்தி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு மாறும். அப்படி எண் பெற்ற ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட். பெட்டியில் 70 குறிதான் கொள்ளும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'தண்ணீர்' என்ற நான்கெழுத்துச் சொல் ஏழு குறிகளாகிவிடுகிறது: 2980, 2979, 3021, 2979, 3008, 2992, 3021. இவற்றை 256ஆல் வகுத்து, ஈவு ஒரு பைட், மீதி ஒரு பைட் என்று இரண்டிரண்டு பைட்டாகப் பிரித்துப் பாருங்கள். 11, 164. 11, 163. 11, 205. 11, 163... முதல் பைட் எப்போதும் 11தான்! தமிழின் எல்லாக் குறிகளும் ஒரே 128 எண் கொண்ட தொகுதியில் இருப்பதால் இப்படி. ஒவ்வொரு குறியும் "நான் தமிழ், நான் தமிழ்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டே போகிறது. நம் பெட்டியில் ஏறக்குறைய பாதி, வெறும் பதினொன்றுகள்.

"இது தமிழ்" என்று தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை சொன்னால் போதாதா? போதும். செல்போன் தரநிலையிலேயே தமிழுக்கு 7 பிட் அட்டவணை இருக்கிறது. நான்கு பைட் தலைப்பில் மொழியைச் சொல்லிவிட்டால், மிச்சத்தில் 155 குறி வைக்கலாம். என் மோடத்துக்கும் பெரியவரின் போனுக்கும் அது தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம். சேலம் பக்கப் பொறியியல் மாணவர்கள் சிம் மோடத்தை வைத்து ஏதாவது ஒரு புராஜெக்ட் செய்துகொண்டே இருக்கிறார்கள். அதில் ஒரு குழுவுக்குச் சிறு நிதி கொடுத்து, இந்த அட்டவணையை எந்தப் போன்கள் படிக்கின்றன என்று சோதிக்கச் சொல்லலாம். தமிழுக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயனுள்ளதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இப்போதைக்கு யூனிகோடுதான். மோடத்தை அந்த முறைக்கு மாற்றும்போது போன் எண்ணையும் அதே குறிமுறையில் கொடுக்க வேண்டியிருக்கும், மறக்காதீர்கள். பெரியவருக்குப் போகும் செய்தி இது: "மேல் தொட்டி நிரம்பியது. மோட்டாரை நிறுத்தவும்". 44 குறிகள். மீதி 26இல் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.