வந்தவாசி ஈயக் குண்டு யாருடையது?

வந்தவாசிப் பக்கத்து வாசகர் ஒருவர், மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் உலோகம் காட்டும் கருவி ஒலித்த இடத்தில் கிடைத்ததாக ஓர் ஈயக் கட்டியின் படத்தை அனுப்பி, அது பழைய துப்பாக்கிக் குண்டா என்று கேட்டிருக்கிறார். மிதித்த சுண்டைக்காய்போல் ஒரு பக்கம் நசுங்கிய அதன் எடை 31 கிராம். கருவியின் கம்பிச்சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக்குகிறது. மேலே படிந்த வெண்மை, மண்ணின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து உண்டாக்கிய ஈயக் கார்பனேட். அது நஞ்சு, தொட்டபின் கையைக் கழுவ வேண்டும்.

உருவம் சிதைந்த குண்டின் பழைய விட்டத்தை எப்படி அறிவது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. நசுங்கினாலும் குண்டின் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.34 கிராம் என்பதால், 31 கிராமுக்குக் கன அளவு 2.73 வருகிறது; அதை 6 ஆல் பெருக்கி, பை (π, சுமார் 3.14) என்னும் எண்ணால் வகுத்து, கனமூலம் கண்டால் விட்டம் 17.3 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

ஆங்கிலேயரின் மஸ்கட் என்னும் நீளத் துப்பாக்கியின் குழல் சுமார் 19 மில்லிமீட்டர் அகலம். அக்கால வெடிமருந்தான கரிமருந்து எரிந்தபின் பாதிக்கு மேல் திடக் கசடாகிக் குழலில் படியும் என்பதால், அடுத்த குண்டு சிக்காமல் இறங்கும்படி அதைச் சுமார் 17.5 மில்லிமீட்டரில் வார்த்தார்கள். பிரெஞ்சுக்காரரின் குழல் 17.5, குண்டு 16 ஐ ஒட்டியது. எடை ஏறக்குறைய 25 கிராம். ஆகவே வாசகரின் குண்டு பெரும்பாலும் ஆங்கிலேயத் துப்பாக்கிக்கு உரியது.

ஆனால் 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வென்ற வந்தவாசிப் போரில் சுடப்பட்டதென்று உடனே முடிவு கட்ட முடியாது. ஹைதர் அலியுடன் நடந்த போரிலும் வந்தவாசிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. அதைத் தீர்மானிக்கக் குண்டு கிடைத்த இடம் தெரிய வேண்டும். நசுங்காத குண்டுகள் வரிசையாகக் கிடந்தால் அங்கே படை நின்று தவறவிட்டிருக்கலாம். நசுங்கியவை கிடந்தால் அங்கே சூடு விழுந்திருக்கிறது. தோண்டி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். சிலைக்கும் நாணயத்துக்கும் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது இத்தகைய போர்க்களங்களை அளந்து வரைபடமாக்கச் செலவிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலூர்க் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது 1958 ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உள்ளீடற்ற இரும்புக் குண்டு தென்பட்டால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். உள்ளே வெடிமருந்து இருக்கலாம். வாசகர் ஈயக் கட்டி கிடந்த இடத்தை வரப்பிலிருந்து அடி அளந்து குறித்து அனுப்பினால், அடுத்த குண்டு கிடைக்கும்போது இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கலாம்.