பாரோ பூயான்: ஜமீன்தாரா, குறுநில மன்னரா?

வங்காள வரலாறு தமிழில் வரும்போதெல்லாம் 'பன்னிரண்டு ஜமீன்தார்களின் கலகம்' என்று ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. போன வாரம் மறுபடியும் கண்ணில் பட்டது. ஒரு வரியில் இரண்டு தப்பு.

மூலச் சொல் 'பாரோ பூயான்', அக்பர் காலத்தில் முகலாயரை எதிர்த்து நின்ற வங்காளத் தலைவர்களுக்குப் பேர். வங்க மொழியில் பாரோ என்றால் பன்னிரண்டு. பூயான், பூமியிலிருந்து பிறந்த சொல், நிலம் உடையவர். பன்னிரண்டைக் கணக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பட்டியலுக்குப் பட்டியல் பெயர்கள் மாறும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்கிறோமே, அங்கே யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

சரி, ஜமீன்தார் என்றால் என்ன தப்பு? பாரசீகத்தில் ஜமீன் நிலம், தார் உடையவர்; சொல்லுக்குச் சொல் பூயானேதான். அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸலே அக்பர்நாமாவில் ஜமீன்தார் என்றுதான் எழுதினார் என்று வாதாடுவார்கள். எழுதினார்தான். ஆனால் முகலாய அவையில் எழுதியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக நாடாண்ட ராஜபுத்திர அரசர்களும் ஜமீன்தார்கள்தான். பாதுஷாவுக்குக் கீழே இருப்பவர் எல்லாரும் வெறும் நிலக்காரர்கள் என்கிற பார்வை அது. அதை அப்படியே எடுத்து எழுதினால் நாமும் பாதுஷா பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

போதாக்குறைக்கு, தமிழில் ஜமீன்தார் என்றதும் நினைவுக்கு வருபவர் 1802-க்குப் பிறகு கும்பெனிக்கு வரி வசூலித்துக் கட்டியவர், 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு போனவர். பூயான்களின் தலைவரான ஈசா கான் அந்த ரகமா? 1576-ல் ராஜ்மகாலில் வங்காளத்தின் கடைசி சுல்தான் தாவூத் கான் கர்ரானி கொல்லப்பட்டதும் வங்காளம் அக்பர் கைக்கு வந்துவிட்டதாகப் பேர். கிழக்கே 'பாட்டி' எனப்படும் தாழ்நிலம் வரவில்லை. மழைக்காலத்தில் அங்கே வயல் எது, ஆறு எது என்று தெரியாது; முகலாயக் குதிரைக்குக் கால் ஊன்ற இடமில்லை. ஈசா கானிடமோ போர்ப் படகுகள். 1584-ல் முகலாயத் தளபதி ஷாபாஸ் கான் படையோடு வந்து தோற்றுத் திரும்பினார். 1597-ல் விக்ரம்பூர் அருகே ஆற்றில் நடந்த சண்டையில் அக்பரின் தளபதி மான்சிங்கின் மகன் துர்ஜன் சிங்கே மாண்டார். ஈசா கான் 1599-ல் இறந்த பிறகும் மகன் மூசா கான் விடவில்லை; 1611-ல்தான் முகலாய ஆளுநரான சுபேதார் இஸ்லாம் கானிடம் பணிந்தார்.

தனித்தமிழ் அன்பர்கள் 'நிலக்கிழார்' என்கிறார்கள். கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார் நினைவுக்கு வருகிறார், அழகுதான். ஆனால் இன்றைக்கு நிலக்கிழார் என்றால் குத்தகை நெல் அளக்கச் சொல்பவர். 'பாளையக்காரர்'? மேலே ஒரு நாயக்கர் இருந்து கொடுத்தது பாளையம். கர்ரானி சுல்தானே போனபின் ஈசா கான் யாருக்குப் பாளையக்காரர்?

பள்ளிக்கூடத்திலேயே படித்த 'குறுநில மன்னர்' இருக்கிறது. நிலம் சிறிது, ஆனாலும் ஆள்பவர். பேரரசோடு ஒரு நேரம் சமாதானம் பேசுவார், ஒரு நேரம் மோதுவார். ஈசா கான் இரண்டும் செய்தவர்.

அப்புறம் அந்தக் 'கலகம்'. ஆட்சிக்குள் இருப்பவன் செய்வது கலகம். இன்னும் பிடிபடாத நாட்டைக் காப்பவர் செய்வது போர், எதிர்ப்புப் போர். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் ஒரு எழுத்துகூட கூடுதல் செலவில்லை. முதல் தடவை 'பாரோ பூயான்கள் எனப்படும் வங்காளக் குறுநில மன்னர்கள்' என்று எழுதிவிட்டு, பிறகு பூயான்கள் என்றே போகலாம். வங்கதேசத்தில் இன்றும் குடும்பப் பெயராகப் புழங்கும் சொல்தான் அது.