ஆட்டுக்கு இருப்பது மீள்திறனா, தாங்குதிறனா?

"குடற்புழுவுக்கு எதிரான மீள்திறன் கொண்ட செம்மறி ஆடுகள்." இந்தத் தொடர் கால்நடைக் கட்டுரைகளில் ஓயாமல் கண்ணில் படுகிறது. வேறு சிலர் அந்தச் சிரமம்கூடப் படாமல் எல்லாவற்றுக்கும் 'நோய் எதிர்ப்பு சக்தி' என்று ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். இரண்டும் தவறு. பின்னது சோம்பலில் பிறந்தது, முன்னது அகராதியை மட்டும் நம்பியதில் பிறந்தது.

செம்மறி ஆடு புழுவைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ரெசிஸ்டன்ஸ். ஆட்டின் உடல் புழுவைக் குடியேறவே விடாது. குடியேறினாலும் அதன் வளர்ச்சியைக் குறுக்கி, முட்டையிடுவதைக் குறைத்துவிடும். புழுக்கையை நுண்ணோக்கியில் வைத்து எண்ணினால் கிராமுக்கான முட்டைக் கணக்கு குறைவாக வரும். மற்றது ரெசிலியன்ஸ், கட்டுரைகள் 'மீள்திறன்' என்று பெயர்ப்பது இதைத்தான். புழு உள்ளேதான் இருக்கிறது, முட்டையும் போடுகிறது. ஆனாலும் ஆடு எடை கூடுகிறது, கம்பளி தருகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது.

வேர்ச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. முதலாவது 'எதிர்த்து நிற்றல்', இரண்டாவது 'பின்னோக்கித் துள்ளுதல்'. எதிர்ப்புத்திறன் முதலாவதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது, அதில் சண்டை இல்லை. வம்பெல்லாம் அந்தத் துள்ளலில்தான்.

துள்ளித் திரும்புவதால் 'மீள்' என்று போட்டிருக்கிறார்கள். தமிழில் மீள்வதென்றால் போன இடத்திலிருந்து திரும்புவது. கடனிலிருந்து மீள்கிறோம், காய்ச்சலிலிருந்து மீள்கிறோம். விழுந்தவருக்குத்தான் மீட்சி. இந்த ஆடு விழவே இல்லையே! புழு இருக்க இருக்கவே நிற்கிறது. மருந்து கொடுத்து, புழு வெளியேறி, இளைத்த உடம்பு தேறினால் அதை மீள்வது என்று சொல்லலாம். அதற்குக் குணமடைதல் என்ற பழைய சொல்லே போதும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற புழு ரத்தம் குடிப்பது. ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லிலிட்டர் ரத்தம் போகும். 5000 புழு இருந்தால் 250 மில்லிலிட்டர். இழந்த ரத்தத்தை ஆடு மறுபடி ஊற வைக்கிறதே, அது மீள்வதில்லையா என்பார்கள். இல்லை. அது ஈடுகட்டுவது. ஒருபக்கம் இறைக்க இறைக்க இன்னொரு பக்கம் ஊறுகிறது, இறைப்பு நிற்கவில்லை. போதாக்குறைக்கு, இழுத்துவிட்ட கம்பி பழைய நீளத்துக்குத் திரும்புவதற்கு இயற்பியல் பாடநூல்கள் மீட்சிப் பண்பு என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டன. பேரிடர், மனநலம் பற்றிய எழுத்தில் மீள்திறன் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே நிஜமாகவே விழுந்து எழுகிறார்கள்.

சரியான சொல் தாங்குதிறன். குறளில் 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்று வருகிறது. தோண்டுகிறவன் மேலேயே நிற்கிறான், தோண்டிக்கொண்டே இருக்கிறான், நிலம் அவனைத் தாங்குகிறது. புழுவுக்கும் ஆட்டுக்கும் உள்ள உறவு இதுவேதான். கட்டடக்காரர்கள் மண்ணின் தாங்குதிறன் என்று ஏற்கெனவே சொல்கிறார்களே என்றால், நல்லது, அங்கும் சுமை இறங்காமல்தான் இருக்கிறது. 'சகிப்புத்தன்மை' என்று எழுதுகிறவர்களும் உண்டு. சகிப்பது மனத்தின் வேலை, ஆட்டின் எலும்பு மஜ்ஜைக்கு அந்தப் பெருந்தன்மை தேவையில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் கிடா வாங்கப் போகும்போது தெரியும். எதிர்ப்புத்திறன் உள்ள ஆடு முட்டையைக் குறைப்பதால் மேய்ச்சல் நிலமும் மெல்லச் சுத்தமாகும். தாங்குதிறன் மட்டும் உள்ள ஆடு தான் கொழுத்துக்கொண்டே நிலமெங்கும் முட்டையை விதைத்துப் போகும். ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளுக்கு 5000 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அந்த முட்டையிலிருந்து வரும் புழு இளங்குட்டிகளையும், ஈனும் பருவத்தில் தடுப்பாற்றல் தளர்ந்த தாய் ஆடுகளையும்தான் போய்த் தாக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் செம்மசாய் இனம் ஹீமாங்கஸை எதிர்ப்பதில் பேர்பெற்றது. அதை 'மீள்திறன் மிக்க இனம்' என்று எழுதினால் அதன் பெருமையில் பாதி போயிற்று.

இரண்டையும் கண்ணால் பிரிப்பதும் கடினம். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையைக் கீழ் இமையின் உட்புறத்தோடு ஒப்பிட்டு ரத்தசோகையைக் கணிக்கிறார்கள். சிவப்பு ஒன்று, வெளிறினால் ஐந்து. இமை சிவந்திருந்தால் ஆடு புழுவை விரட்டியதா, சுமந்துகொண்டே சமாளிக்கிறதா என்று அட்டை சொல்லாது. முட்டையை எண்ணினால்தான் தெரியும். அட்டைக்கே தெரியாததை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் தீர்ப்பாகச் சொல்லிவிடுகிறார்.

இந்தக் குழப்பத்துக்கு மேல் 'புழு எதிர்ப்பு' என்றொரு தொகை. புழுவை ஆடு எதிர்ப்பதா, புழுவினது எதிர்ப்பா? உருபு மறைந்திருப்பதால் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தியாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் பற்றி எழுதிவிட்டார்கள். அதுவும் ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ்தான் என்பதால் தமிழிலும் எதிர்ப்பு என்று போட்டு, அதே பக்கத்தில் ஆட்டின் எதிர்ப்பையும் பேசினால் படிப்பவர் எந்தப் பக்கம் நிற்பது? 'மருந்துக்கு மசியாத புழு' என்று எழுதலாம். யாருக்கும் புரியும், கலைச்சொல் மாதிரி இல்லை என்பதுதான் அதன் குற்றம் போலும்.

அப்புறம், இந்த ஹீமாங்கஸ் குடியிருப்பது குடலிலேயே இல்லை, நான்காம் வயிற்றில். 'குடற்புழு' ஊன்றிவிட்ட சொல் என்பதால் அதனோடு மல்லுக்கு நிற்கவில்லை.