விதிகளை மாட்டியாச்சு சரி, பழக்கினீர்களா?

பள்ளி திறந்து மூன்றாவது வாரம். "இந்த வருஷப் பிள்ளைகள் சொன்ன பேச்சே கேட்பதில்லை" என்று இன்னுமொரு ஆசிரியர் வந்து நின்றார். வகுப்பைப் போய்ப் பார்த்தேன். சுவரில் வண்ண அட்டையில் அழகாக எழுதிய விதிகள். "நோட்டைக் கொண்டுவந்து வையுங்கள்" என்றதும் மொத்த வகுப்பும் எழுந்து மேசையை மொய்த்தது. இடி, தள்ளு, அழுகை. "ஒழுங்கா வைக்கத் தெரியாதா?" என்று அவர் மேசையைத் தட்டினார்.

தெரியாதுதான். யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அட்டையில் எழுதி மாட்டினால் வகுப்பு தானாக நடக்கும் என்ற நினைப்பை எத்தனை முறைதான் மறுப்பது! 'ஒழுங்காக இரு' என்பது உங்கள் ஆசை. கடைசி பெஞ்சிலிருந்து நோட்டு முன்னால் வரவேண்டும், ஒவ்வொருவரும் தன்னுடையதை மேலே வைத்துக் கடத்தவேண்டும், முதல் பெஞ்சுக்காரர் மட்டும் எழுந்து அடுக்கை மேசையில் வைக்கவேண்டும்: இதுதான் நடைமுறை. இதைச் செய்துகாட்டி, அவர்களையும் செய்யவைத்து, சொதப்பினால் கோபப்படாமல் மறுபடி செய்யவைக்க வேண்டும். நாளைக்கும் அதேதான். "நாலாவது படிக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்கிறார்கள். போன வருஷ ஆசிரியர் வைத்த வழக்கம் தெரியும். உங்களுடையது எப்படித் தெரியும்?

"பாடம் பின்தங்கிவிடுமே" என்பது அடுத்த புலம்பல். மூன்றாம் வகுப்புகளை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே கவனித்து அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் எம்மர், எவர்ட்சன் குழுவினர் 1980-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வகுப்பை நன்றாக நடத்திய ஆசிரியர்கள், முதல் வாரங்களில் நடைமுறைகளைப் பாடம்போலவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டாதீர்கள். உள்ளே வருவது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பது, பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, வேலையைச் சீக்கிரம் முடித்தவர் என்ன செய்வது. முதல் வாரத்துக்கு இது போதும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் வம்பு அங்கேதான் பிறக்கும்.

அப்புறம், அறிமுகம். முன்னால் நிற்கவைத்து "அப்பா என்ன வேலை, லீவுக்கு எங்கே போனாய்" என்று கேட்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். அப்பா இல்லாத பிள்ளையும், எங்கும் போகாத பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் இருவர் இருவராகப் பேசட்டும். வகுப்பு முன்னால் பேசுவதை அடுத்த வாரம் பார்க்கலாம். பெயரைச் சரியாக உச்சரியுங்கள். சந்தேகமென்றால் பிள்ளையிடமே கேளுங்கள். கேள்வி கேட்டால் மூன்று விநாடியாவது பொறுங்கள். நாம் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து காட்டிவிட்டார். கூச்சப்படும் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கெட்டிக்காரப் பிள்ளை பதிலைச் சொல்லிவிடுகிறது.

நீண்ட விடுமுறை முடிந்து வந்தால் எல்லாவற்றையும் ஒருமுறை பழக்குங்கள். நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளையை வகுப்புத் தலைவரிடம் தள்ளிவிடாதீர்கள். அதிகாரம் செய்யாமல் கூடவே கூட்டிப்போகிற ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரவையுங்கள்.